எதிரெதிர்க் கட்சிகள் ஒத்துப்போகலாமா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் 2022 பொதுத்தேர்தலிலிருந்து ஒரு சந்தேகம் ஓயவே இல்லை. நேற்றுவரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டவர்கள் இன்று ஒரே அரசாங்கத்தில் எப்படி உட்காருகிறார்கள்? அது சரியா? நிலைக்குமா? சந்தைக் கடையில் தேநீர் குடிக்கும்போது கேட்கிறார்கள். கோயில் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்கிறார்கள். உதவித்தொகைப் பாரம் நிரப்ப என்னிடம் வருகிறவர்கள், கையெழுத்துப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கமிட்டியில் செயலாளராக இருந்தார். கூட்டு ஒப்பந்தத்தின் நகலைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார். எதிர்த் தரப்போடு பேசித் தீர்ப்பது என்றால் என்னவென்று நான் அந்தக் காகிதத்திலிருந்துதான் கற்றேன். அதனால் பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

"சமரசம்னா கூட்டணிதானே? ரெண்டும் ஒண்ணா?"

இரண்டும் வேறு. தேர்தலுக்கு முன்பே தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்து நிற்பது கூட்டணி. சமரசத்துக்கு அவ்வளவு நெருக்கம் வேண்டியதில்லை. நீ உன் பக்கத்திலேயே இரு, நான் என் பக்கத்திலேயே இருக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் நான் இவ்வளவு தூரம் வருகிறேன், நீயும் இவ்வளவு தூரம் வா என்பது சமரசம். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டே அதைச் செய்யலாம். நம் நாட்டில் 2021இல் செய்தார்கள், கீழே வருகிறது.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகளின் சங்கமும் என்றைக்கும் கூட்டாளிகளாக இருந்ததில்லை. ஆனாலும் கூட்டு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன. மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், அப்பா தொழிலாளியாகவே நின்றார், தோட்டத்தை நடத்திய துரை துரையாகவே நின்றார்.

"தேர்தல்ல ஏசிக்கிட்டாங்க, அப்புறம் ஒண்ணா உட்கார்ந்துட்டாங்க. ஓட்டுப் போட்ட நாங்க முட்டாளா?"

இந்தக் கோபம் நியாயமானது. எங்கள் தொகுதியிலேயே 2022 நவம்பர் 19 அன்று அன்வார் இப்ராஹிம் தலைமையிலான நம்பிக்கைக் கூட்டணியின் கேசவனும், மலாய்க்காரர் கட்சியான அம்னோ தலைமையிலான தேசிய முன்னணி சார்பில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் விக்னேஸ்வரனும் எதிரெதிராக நின்றார்கள். கேசவன் வென்றார். ஐந்து நாள் கழித்து அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றபோது இருவருடைய அணிகளும் ஒரே பக்கம். இரண்டு பக்கமும் கொடி கட்டிய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மக்களவையில் 222 இடம். ஆட்சிக்கு 112 வேண்டும். நம்பிக்கைக் கூட்டணிக்கு, மூடா என்ற சிறு கட்சியின் ஓர் இடத்தையும் சேர்த்து, 82. பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியும் பெர்சத்துவும் சேர்ந்த பெரிக்காத்தான் நேஷனலுக்கு 74. தேசிய முன்னணிக்கு 30. சரவாக் கூட்டணிக்கு 23. யாருக்கும் தனியாக ஆளும் உரிமையை நாம் கொடுக்கவில்லை. யாரோ யாரோடோ பேசித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் மறுபடி தேர்தல். மாமன்னரும் சேர்ந்து ஆளும்படிதான் கட்சிகளைக் கேட்டுக்கொண்டார்.

தவறு எங்கே என்றால், முன்பு செய்த சபதத்தில். "அன்வாரும் வேண்டாம், ஜ.செ.க.வும் வேண்டாம்" என்று அம்னோ ஊர் ஊராகச் சொல்லியிருந்தது (ஜ.செ.க. என்ற ஜனநாயகச் செயல் கட்சி நம்பிக்கைக் கூட்டணியில் ஒன்று). எண்ணிக்கை எப்படி வரும் என்று தெரியாதபோது "ஒருக்காலும் சேரமாட்டோம்" என்று வாக்காளரிடம் சொல்வது, கையில் இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுவது. அடுத்த தேர்தலில் அப்படிச் சொல்கிற எந்தக் கட்சியையும், அது நான் விரும்பும் கட்சியானாலும், நான் நம்பப்போவதில்லை.

"பேராக்குல ஒன்பது இடம் வெச்சிருந்தவங்களுக்கு மந்திரி பெசார் பதவியா? இது என்ன நியாயம்?"

மந்திரி பெசார் என்பவர் மாநிலத்தின் முதல்வர். சட்டமன்றத்தில் 59 இடம், பெரும்பான்மைக்கு 30. பெரிக்காத்தான் 26, நம்பிக்கைக் கூட்டணி 24, தேசிய முன்னணி 9. அந்த 9 எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் அரசாங்கம். 24 பேர் இருந்தவர்கள் தலைமைப் பதவியை விட்டார்கள், ஆட்சியில் இடம் பெற்றார்கள். தேசிய முன்னணியின் சாரானி முகமட் மந்திரி பெசாராகத் தொடர்ந்தார். விலை அதிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன், ஏனென்றால் கொடுக்காவிட்டால் மிஞ்சுவது எதிர்க்கட்சி வரிசை.

"எங்க காலத்துல இப்படி எல்லாம் இல்லை. இது புதுப் பழக்கம்தானே?"

இந்த நாடே இப்படித்தான் தொடங்கியது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலுக்காக அம்னோவும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும் கைகோர்த்தன, 12 இடத்தில் 9ஐப் பிடித்தன. ஒரு நகரத்துக் கிளைகள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ம.இ.கா. 1954இல் சேர்ந்தது. 1955 பொதுத்தேர்தலில் மொத்தம் இருந்த 52 இடத்தில் 51 கூட்டணிக்குக் கிடைத்தது. நம் ஊர்ப் பிள்ளை வீ.தி. சம்பந்தன் அந்த ஆண்டுதான் ம.இ.கா. தலைவரானார்.

இதில் எனக்கு ஒரு வருத்தம். ஊர் மட்டத்தில் பேசிப் பழகிய அந்தப் பழக்கம் பிறகு நமக்கு இல்லாமல் போயிற்று. ஊராட்சித் தேர்தல்களை 1965இல் நிறுத்தி வைத்தார்கள், 1976 சட்டத்தோடு அவை முடிந்தே போயின. கால்வாய்க்கும் குப்பைக்கும் பேரம் பேசிப் பழகாதவர்கள், நேராக நாட்டின் ஆட்சிக்குப் பேரம் பேச உட்காருகிறார்கள்.

"1957ல பேசினாங்களே, அதுல நமக்கு என்ன கிடைச்சது?"

விடுதலையின்போது அரசியலமைப்பை எழுதப் பேசியதில் இரண்டு பெரிய விஷயங்கள் கிடைத்தன. ஒன்று குடியுரிமை. மெர்டேக்கா (விடுதலை) நாளிலும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அன்றைய அரசியலமைப்பு குடியுரிமை கொடுத்தது. ஏற்கெனவே இங்கே வாழ்ந்தவர்கள் இத்தனை ஆண்டு வசித்தோம் என்று காட்டிப் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விலக்கி வைக்கப்பட்டது. இன்னொன்று மொழி. 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழியாக வைத்தது. அதே பிரிவு மற்ற மொழிகளைப் பேசவும் கற்பிக்கவும் யாருக்கும் தடையில்லை என்றது. தமிழ்ப்பள்ளி பற்றிப் பேசும் எவரும் அந்த வரியில்தான் கால் ஊன்றி நிற்கிறோம். பதிலுக்கு மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை 153ஆவது பிரிவில் எழுதப்பட்டது. கொடுத்ததும் வாங்கியதும் இப்படித்தான் இருந்தன.

இனி இதன் மறுபக்கம். மேலே கையெழுத்தானது லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முழுதாக வந்து சேரவில்லை. பதிந்துகொள் என்று சொன்ன ஆண்டில் எத்தனை தோட்டத்தில் யார் வந்து விளக்கினார்கள்? பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், "இங்கேதானே இருக்கிறோம், காகிதம் எதற்கு" என்று இருந்தவர்கள் அப்படியே விடுபட்டார்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனது. பிறகு எத்தனையோ குடும்பங்கள் கப்பல் ஏறின. என் பாட்டியின் அக்கா குடும்பம் அப்படித்தான் போனது. போகாமல் தங்கியவர்களில் பலர் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கிழவன் கிழவி ஆனார்கள். இன்றும் என் மேசைக்குச் சிவப்பு அட்டையோடு வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், உடன்பாடு செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றுவதில்லை. செய்த உடன்பாட்டை வாசல்வரை கொண்டு வர ஆள் இல்லாமல் போனதே என்றுதான் தோன்றுகிறது.

"விட்டுக்கொடுக்கிறதுக்கும் காட்டிக்கொடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

என்னிடம் வந்த கேள்விகளில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். அப்பாவின் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். 1967 தொழிலுறவுச் சட்டப்படி கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், குறைந்தது மூன்றாண்டுக் காலம் குறிக்க வேண்டும். தொழில் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். பதிந்த பிறகு மீறினால் கேட்க இடம் உண்டு. இதோடு எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. ஒப்பந்தம் வந்த வாரம் கோயில் மண்டபத்தில் அப்பா அதை வரிவரியாகத் தமிழில் சொல்லுவார். "நாம கேட்டது இது, கிடைச்சது இது, கிடைக்காதது இது." கிடைக்காததைச் சொல்லும்போது சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவர் எந்த வரியையும் தாண்டியதில்லை.

அரசியல் உடன்பாட்டிலும் அதையே தேடுங்கள். எழுத்தில் இருக்கிறதா? எப்போதுவரை என்று இருக்கிறதா? கிடைக்காதது எது என்று தலைவர் தன் ஆட்களிடம் வாய் திறந்து சொன்னாரா? இவற்றுக்கு மேல் ஒன்று: விட்டுக்கொடுத்தது யாருடையது? தன் பதவியை, தன் தொகுதியை, தன் கட்சியின் பேச்சை ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது விட்டுக்கொடுப்பு. மேசையில் இல்லாதவனின் வீட்டை, அட்டையை, பள்ளி நிலத்தை ஒருவர் "விட்டுக்கொடுத்தால்" அதற்குப் பெயர் காட்டிக்கொடுப்பு.

"எழுதிக் கையெழுத்துப் போட்டா மட்டும் நடந்துடுமா? ஹிண்ட்ராஃப் ஒப்பந்தம் என்னாச்சு?"

நல்ல கேள்வி. முந்தைய பதிலைக் கேட்டவர்கள் உடனே இதைத்தான் கேட்கிறார்கள். மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக 2007 நவம்பர் 25 அன்று தெருவில் இறங்கிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் ஒரு பகுதி, 2013 ஏப்ரல் 18 அன்று தேசிய முன்னணியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், குடியுரிமை, கல்வி, வேலை எல்லாம் அதில் இருந்தன. தலைவர் வேதமூர்த்தி துணையமைச்சரானார். சொன்னது நடக்கவில்லை என்று 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். எங்கள் ஊரில் அந்த ஒப்பந்தத்தை நம்பி ஓட்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சமரசம் என்ற சொல்லே கசந்துபோனது.

இதற்குப் பக்கத்தில் 2021ஐ வையுங்கள். செப்டம்பர் 13 அன்று பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசாங்கமும் எதிர்க்கட்சியான நம்பிக்கைக் கூட்டணியும் நாடாளுமன்றத்தில் ஒப்பந்தம் செய்தன. எதிர்க்கட்சி அரசாங்கத்தைக் கவிழ்க்காது. பதிலுக்கு நாடாளுமன்றச் சீர்திருத்தம், கட்சித் தாவல் தடைச் சட்டம், 18 வயது வாக்குரிமையை நடைமுறைக்குக் கொண்டுவருவது ஆகியவை நடக்க வேண்டும். 2022 ஜூலை 31க்கு முன் நாடாளுமன்றம் கலைக்கப்படக் கூடாது. 18 வயது வாக்குரிமை 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. தாவல் தடைத் திருத்தம் 2022 ஜூலை 28 அன்று 209 ஓட்டோடு நிறைவேறியது. கலைப்பு அக்டோபரில்தான் வந்தது. எழுதியவற்றில் பெரும் பகுதி நடந்தது.

இரண்டிலும் கையெழுத்து இருந்தது. ஒன்று ஏன் நடந்தது, ஒன்று ஏன் நின்றுபோனது? 2021இல் எதிர்க்கட்சியின் கையில் தினமும் பயன்படுத்தக்கூடிய ஓட்டு இருந்தது. அரசாங்கம் சொல் மாறினால் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கையை உயர்த்தாமல் இருக்கலாம். 2013இல் நம் கையில் இருந்தது தேர்தல் நாள் ஓட்டு ஒன்றுதான், அதையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். சங்கத்துக்கு நீதிமன்றம் இருந்தது. அரசியல் ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் கிடையாது. அதனால் பிடி நம் கையில் இருக்கும்வரைதான் அது ஒப்பந்தம்.

"பேசினா எல்லாத்தையும் தீர்த்துடலாம்னு சொல்றீங்களா?"

இல்லை. எங்கள் ஊர்க்காரன் அப்படிச் சொல்லமாட்டான். 1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி. வெட்டுக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறார்களா என்று வாசலில் சோதனை. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்ச் சேரும் என்று பயம். பாட்டி வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வந்து, வேலியைத் தாண்டிய பிறகுதான் சாப்பிடுவார்.

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங்கில் பேசிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், ம.சீ.ச.வின் டான் செங் லோக், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். மறுபக்கம் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங். இரண்டு நாளில் முறிந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு அங்கீகாரம் வேண்டும் என்றார் ஒருவர், கட்சியைக் கலைத்துச் சரணடை என்றார் மற்றவர். ஒருவர் மற்றவரிடம் கேட்டது "இல்லாமல் போ" என்பதை. அதில் பாதி தூரம் என்று ஒன்று கிடையாது. பிறகு 1989 டிசம்பர் 2இல் தாய்லாந்தின் ஹாட்யாயில் உடன்பாடு வந்தது. ஆயுதத்தை விடுவது, படையைக் கலைப்பது என்று எழுதினார்கள். இடையில் 34 ஆண்டு.

நாடாளுமன்றக் கட்சிகள் அந்த அளவுக்கு எதிரிகள் கிடையாது. தேர்தலில் தோற்றவன் மறுபடி நிற்கலாம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒப்புதல் இருக்கும்வரை பேச இடமுண்டு. அதையே மறுப்பவரோடு, எதிர்த்தரப்பு மக்களின் ஓட்டையோ குடியுரிமையையோ பறிக்க வேண்டும் என்பவரோடு, பாதி பறிக்கலாம் என்று ஒத்துப்போக முடியாது.

"ஒத்துப்போகாமலே இருந்தா என்ன ஆகும்? யாராவது ஒருத்தன் ஆளட்டுமே."

2020, 2021ஐ நினைத்துப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் விலகினார், மார்ச் 1இல் முகிதீன் வந்தார், 2021 ஆகஸ்டில் அவர் போய் இஸ்மாயில் சப்ரி வந்தார். நடுவில் பொதுத்தேர்தலே இல்லை. கோவிட் காலம் அது. யார் அமைச்சர் என்றே தெரியாமல் கடிதம் எழுதினோம். நான் ஒரு குடும்பத்துக்காக எழுதிய ஒரே விண்ணப்பத்தை மூன்று முறை முகவரி மாற்றி அனுப்பியிருக்கிறேன்.

"கட்சித் தாவுறவனும் 'மக்கள் நன்மைக்காக ஒத்துப்போறேன்'னுதான் சொல்றான். அதுவும் சமரசமா?"

பேராக்கில் வாழ்கிற நமக்கு இது பழைய காயம். 2008 மாநிலத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் சேர்ந்த மக்கள் கூட்டணிக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. 2009 பிப்ரவரியில் மூன்று பேர் விலகினார்கள், நாம் தேர்ந்தெடுத்த அரசாங்கம் விழுந்தது. மே 7 அன்று சபாநாயகர் சிவகுமாரை நாற்காலியோடு அவையிலிருந்து வெளியே இழுத்துச் சென்றார்கள். மேலே சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள்: எழுத்து எங்கே, காலம் எங்கே, தன் ஆட்களிடம் சொன்னது எங்கே? அவர்கள் கொடுத்தது அவர்களுடையதும் இல்லை. வாக்காளர் தந்த இடம் அது.

2022 சட்டம் இதற்காகத்தான் வந்தது. கட்சியை விட்டுப் போனால் இடம் காலி. ஆனால் ஓட்டைகள் உண்டு. கட்சி ஒருவரை நீக்கினால் அவர் இடம் போகாது. ஒரு கட்சி மொத்தமாக அணி மாறினாலும் போகாது. பெர்சத்து உறுப்பினர்கள் 6 பேர் கட்சியை விட்டு விலகாமலே பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அவர்கள் இடம் காலியாகவில்லை என்று 2024இல் சபாநாயகர் தீர்மானித்தார். அது இன்றைய அரசாங்கத்துக்குச் சாதகமாக அமைந்தது. சாதகம் என்பதற்காக நான் அதை நல்லது என்று சொல்லமாட்டேன்.

"எல்லாரும் ஒரே பக்கம் போயிட்டா யார் கேள்வி கேட்பா?"

1969 இனக் கலவரத்துக்குப் பிறகு இதைத்தான் செய்தார்கள். எதிர்த்து நின்ற கெராக்கான், மக்கள் முற்போக்குக் கட்சி, பாஸ் எல்லாவற்றையும் சேர்த்து 1974க்குள் தேசிய முன்னணி உருவானது. கலவரத்துக்குப் பிறகு அமைதி வேண்டும் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் எதிர்ப்பை உள்ளே இழுத்து அடக்குவதும் எதிர்ப்போடு உடன்படுவதும் வேறு வேறு. பாஸ் 1977இல் வெளியேற்றப்பட்டது. மற்றவை வயிற்றுக்குள் கரைந்தன. நம் தொகுதிக்கு 1974 முதல் 2008 வரை சாமிவேலு ஒருவரே எம்.பி. நிறையச் செய்தார் என்பவரும் உண்டு, போதாது என்பவரும் உண்டு. பொதுமேடையில் அவரிடம் கணக்குக் கேட்க அந்த 34 ஆண்டில் எத்தனை பேருக்குத் துணிவு வந்தது?

இப்போது எதிர்க்கட்சி வரிசையில் 70க்கு மேற்பட்டோரைக் கொண்டு தொடங்கிய பெரிக்காத்தான் இருக்கிறது. அவர்கள் பேசுவதில் பலவற்றை நான் ஏற்கவில்லை. அவர்கள் அங்கே இருக்க வேண்டும், பொதுக் கணக்குக் குழு போன்ற இடங்களில் கேள்வி கேட்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன்.

"எதிர்க்கட்சி எம்.பி. தொகுதிக்கு மானியம் கிடையாதாமே. அங்கே இருக்கிற நம்ம ஆளுங்க என்ன பாவம் பண்ணாங்க?"

ஒரு பாவமும் செய்யவில்லை. தொகுதி ஒதுக்கீட்டை ஆளும் பக்கம் தன் கையில் வைத்திருக்கிறது. எல்லா உறுப்பினருக்கும் சமமாகக் கொடு என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. 2024இல் அரசாங்கம் எதிர்க்கட்சிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்த வரைவு ஒன்றை நீட்டியது, நிபந்தனைகளை ஏற்க முடியாது என்று பெரிக்காத்தான் மறுத்தது. இரு பக்கமும் தங்கள் நியாயத்தைச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடக் கூரையும் கோயில் கால்வாயும் காத்திருக்கின்றன. கொடுக்கவேண்டியதைப் பேரப்பொருளாக வைப்பதே தவறு. முன்பு எதிர்க்கட்சியாக இருந்து இதே குறையைச் சொன்னவர்கள் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். அவர்கள்தான் இதைச் சட்டமாக்க வேண்டும்.

"பாஸ் கட்சியோட எப்படி ஒத்துப்போக முடியும்? கொள்கையே வேற."

இரண்டு முறை முயன்றார்கள். 1999இல் மாற்று முன்னணி. இஸ்லாமிய நாடு பற்றிய வேறுபாட்டில் 2001இல் ஜ.செ.க. விலகியது. 2008இல் மக்கள் கூட்டணி. ஹுடுட் என்ற இஸ்லாமியக் குற்றவியல் சட்ட விவகாரத்தில் 2015இல் முறிந்தது. இரண்டிலும் தொடக்கத்தில் அந்தக் கேள்வியைப் பேசாமல் மூடி வைத்தார்கள். மூடி வைத்தது உள்ளேயே கொதித்தது. ஒத்துவராத இடம் எது என்று முதல் நாளே எழுதிக்கொண்டிருந்தால் ஒருவேளை இன்னும் கொஞ்சம் நீடித்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் சேர முடியும். 2019 ஜூலை 16 அன்று வாக்குரிமை வயதை 18 ஆக்கும் திருத்தத்துக்கு 211 பேர் ஆதரவு கொடுத்தார்கள். எதிர்த்து யாருமில்லை. பாஸ், அம்னோ, ஜ.செ.க. எல்லோரும் அதில் இருந்தார்கள். என் அண்ணன் மகள் 2022இல் முதல் ஓட்டுப் போட்டது அதனால்தான்.

"விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே ம.இ.கா. காணாமப் போச்சே. சின்னக் கட்சிக்கு இது தற்கொலைதானே?"

ஆபத்து உண்மையானது. 2022 அமைச்சரவையில் ம.இ.கா.வுக்கு இடமில்லை. 2023 ஆகஸ்டு ஆறு மாநிலத் தேர்தலில் அது போட்டியே போடவில்லை. ஒருவர் எப்போதும் கொடுப்பவராகவும் மற்றவர் எப்போதும் வாங்குபவராகவும் இருந்தால் அதைச் சமரசம் என்று அழைப்பதில் பொருளில்லை.

விட்டுக்கொடுக்க மறுத்தாலும் அடி விழும், அதையும் நம் ஊரிலேயே பார்த்தோம். சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயகுமார் 2008இலும் 2013இலும் அன்வாரின் கட்சியான பி.கே.ஆர். சின்னத்தில் வென்றார். 2018இல் பேச்சு ஒத்துவரவில்லை. தனித்து நின்றார், பி.கே.ஆரும் நின்றது. அவர் தோற்றார். லயம் லயமாக நடந்த ஒரு மனிதரின் குரல் மக்களவையில் இல்லாமல் போனது. இதில் யார் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் கடையில் வாக்குவாதம் நடக்கிறது. பெரிய கட்சிதான் இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கொடுக்க அதனிடம்தான் நிறைய இருந்தது.

"சரி, இவங்க சேர்ந்தா என்ன, பிரிஞ்சா என்ன? நம்ம சம்பளம் மாறுமா?"

மாறியிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிரதமர் நஜிப் காலத்தில் வந்தது, 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட். நம்பிக்கைக் கூட்டணி 2019இல் 1,100 ஆக்கியது. 2020இல் 1,200, ஆனால் மாநகர, நகராண்மைப் பகுதிகளுக்கு மட்டும்; தோட்டங்கள் பெரும்பாலும் வெளியே நின்றன. 2022 மே மாதம் இஸ்மாயில் சப்ரி அரசாங்கத்தில் 1,500. 2025 பிப்ரவரியில் அன்வாரின் ஒற்றுமை அரசாங்கத்தில் 1,700. இத்தனை ஆட்சி மாறியும் முந்தையவர் கட்டிய படியை அடுத்தவர் இடிக்கவில்லை. இதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. இதுவும் ஓர் உடன்பாடுதான்.

1,700 போதுமா என்பது வேறு கேள்வி. செம்பனைக் குலை சுமக்கிறவரிடம் கேளுங்கள்.

"எங்க வீட்டுல அப்பா ம.இ.கா., நான் ஜ.செ.க. வாயைத் திறந்தாலே சண்டை. மேல இருக்கிறவங்க சேர்ந்துட்டாங்க, நாங்க எப்படிச் சேர்றது?"

சேர வேண்டாம். கட்சியை மாற்றச் சொல்லி அவரைக் கேட்காதீர்கள், அவரும் உங்களைக் கேட்க வேண்டாம். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு வேலையை எடுங்கள். ஒரு பெரியவர் என்னிடம் இதே கேள்வியோடு வந்தார், மகன் கூடவே முறைத்துக்கொண்டு நின்றான். அவர்கள் லயத்தில் சிவப்பு அட்டையோடு ஒரு பாட்டி இருந்தார். அப்பாவுக்குப் பழைய தோட்ட ஆபீசில் கிராணியை (கணக்கரை) தெரியும், பெயர்ப் பதிவேட்டைத் தேடச் சொன்னார். மகன் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் ஆளைப் பிடித்தான். வீட்டில் இன்னும் சண்டை போடுகிறார்கள். பாட்டியின் கோப்பு பதிவிலாகாவுக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை, மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்தே விசாரிக்கப் போகிறார்கள்.

"நீங்க எந்தக் கட்சி? அதை முதல்ல சொல்லுங்க."

2008க்கு முன் ஒரு பக்கம் போட்டேன், பிறகு மறுபக்கம் போட்டேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. யார் கூட்டம் போட்டாலும் போவேன், போனால் ஒரு கேள்வி கேட்பேன்: "நீங்க செஞ்ச உடன்பாட்டுல நமக்குக் கிடைக்காதது எது, அதை வாசிச்சுக் காட்ட முடியுமா?" போன முறை ஒருவர் பாதி வாசித்தார். மீதியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், தேதி குறித்து வைத்திருக்கிறேன்.